3.5 லிட்டரில் 2.6 தான் வந்ததா?

இன்ஜின் ஆயில் மாற்றும்போது, கையேட்டில் 3.5 லிட்டர், உறிஞ்சு பம்பில் வந்த பழைய ஆயிலோ 2.6 என்கிறீர்கள். மிச்சத்தைச் சூடாக்கலாம் என்று இப்போது இன்ஜினை மட்டும் ஓட்டிவிடாதீர்கள். டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) துளை வழியே விட்ட பம்பின் குழாய், ஆயில் தேங்கும் அடித்தட்டைத் தொடாமல் வழியிலேயே நின்றிருக்கும், அல்லது தொட்டபின் சுருண்டு மேலே திரும்பியிருக்கும். எனக்கும் முதல் தடவை அப்படித்தான், பம்பைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

குழாயை 'டக்' என்று தட்டும்வரை இறக்கி, அரை விரல் அகலம் மேலே இழுத்து, மெல்லத் திருப்பியபடி உறிஞ்சுங்கள். களகளவென்று காற்று வந்தால் இடம் மாற்றுங்கள். ஃபில்டரைக் கழற்றினால் இன்னும் கொஞ்சம் வடியும். அதையும் அளந்து கூட்டுங்கள்.

வெளியே வந்த அளவுதான் உள்ளே போக வேண்டும். 3.5 முழுதையும் ஊற்றினால், உள்ளே தங்கிய பழைய ஆயிலோடு சேர்ந்து மட்டம் ஏறி, இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் அதை நுரையாகக் கடைந்துவிடும். அடுத்த முறை, இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போதே உறிஞ்சுங்கள்.