அமெரிக்கன் ஃபுட்பாலில் பண்ட்டை பிளாக் செய்ய வீரர்களுக்கு எப்படிப் பயிற்சி கொடுக்கிறார்கள்?

வர்ஜீனியாவில் ஓர் உயர்நிலைப் பள்ளி அணியில் நான்கு சீசனாக உதவி கோச்சாக இருக்கிறேன். பந்தை உதைக்கிற ஆட்டம் முழுக்க என் பொறுப்பு. பண்ட் என்றால் பந்தைக் கையிலிருந்து விட்டு எதிரணிப் பக்கம் தொலைவாக உதைத்து அனுப்புவது, உதைப்பவர் பண்டர், அந்த உதையைக் கையால் தடுப்பதுதான் பிளாக். உங்கள் மகன் பள்ளி அணியில் பண்ட் பிளாக் செய்யும் இடத்தில் ஆடுகிறான், பண்டர் வரைக்கும் ஓடிப் போய்விடுகிறான், ஆனால் பந்து மட்டும் கையில் படுவதே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வரும் பையன்களில் முக்கால்வாசிப் பேருக்கு இதே பிரச்சினைதான். வேகம் போதாமல் இல்லை. அவன் பண்டரைப் பார்த்து ஓடுகிறான், அதுதான் சிக்கல்.

பண்டர் நிற்கும் இடம் வேறு, பந்து அவர் காலை விட்டுக் கிளம்பும் இடம் வேறு. இரண்டு அணியும் எதிரெதிரே நிற்கும் கோட்டுக்குப் பதினான்கு பதினைந்து யார்டு பின்னால் நின்று பந்தைப் பிடிப்பார். இரண்டு எட்டு முன்னால் வைத்து உதைப்பார். ஆகவே நம் பையனின் கை போய்ச் சேர வேண்டிய இடம் கோட்டிலிருந்து ஒன்பது, பத்து யார்டில், அவர் உதைக்கும் காலுக்கு நேர் முன்னால் இருக்கிறது. அங்கே ஒரு பழைய நீலத் துண்டை விரித்துவிடுவேன். முதல் வாரம் முழுக்கப் பண்டரே கிடையாது. துண்டு மட்டும்தான். இடப்பக்கமிருந்து, வலப்பக்கமிருந்து, நடுவிலிருந்து, எங்கிருந்து கிளம்பினாலும் அந்தத் துண்டுக்கு வர வேண்டும்.

அடுத்தது நேரம். கோட்டிலிருந்து பந்தைப் பின்னால் பண்டருக்கு வீசுவதுதான் ஸ்னாப். அது ஆனதிலிருந்து பந்து காலில் படும் வரை நல்ல கல்லூரி அணிக்கு இரண்டு நொடி சொச்சம் ஆகும். பள்ளி அணிகள் இன்னும் கொஞ்சம் மெதுவாக இருக்கும். இதற்குள் பத்து யார்டு ஓட வேண்டும் என்றால் கிளம்புவதில் ஒரு துளியும் வீணாகக் கூடாது. எதிரணியின் குரலைக் கேட்டுக் கிளம்பாதே, பந்து அசைவதைப் பார்த்துக் கிளம்பு என்று திரும்பத் திரும்பச் சொல்வேன். அவர்கள் குரல் கொடுத்தே ஏமாற்றுவார்கள். பத்து யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு, ஒவ்வொன்றும் ஒரு டவுன். நான்காவது டவுனில் மூன்று யார்டு பாக்கி இருக்கும்போது நீ ஸ்னாப்புக்கு முன்பே கோட்டைத் தாண்டி ஆஃப்சைடு போனால், அபராதமான அந்த ஐந்து யார்டில் பந்தை அவர்களுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டாய்.

அப்புறம் கை. இரண்டு கட்டைவிரலும் ஒட்டியிருக்க வேண்டும், விரல்கள் விரிந்திருக்க வேண்டும், கைகள் தாழ்வாக முன்னால் நீள வேண்டும். வாலிபாலில் தடுப்பது போல மேலே எகிறுவதுதான் பையன்களுக்குத் தானாக வருகிறது. உதைபட்ட அந்தக் கணத்தில் பந்து அவ்வளவு உயரத்தில் இல்லையே! காலிலிருந்தே பந்தை எடுத்துக்கொண்டு போவது போலக் கை போக வேண்டும்.

இதில் பெரிய எதிரி பயம். கடைசி அடியில் கண் மூடிக்கொள்ளும், தலை ஒரு பக்கம் திரும்பிவிடும். அதட்டினால் இது போகாது. ஜிம்மிலிருந்து ஒரு தடித்த மெத்தையைக் கொண்டுவந்து துண்டுக்குப் பக்கத்தில் போடுவோம். பாதி காற்று இறக்கிய பந்துகளில் மார்க்கரால் பெரிதாக ஒவ்வோர் எண் எழுதியிருப்பேன். நான் மண்டியிட்டுப் பந்தை மெல்லத் தூக்கிப் போடுவேன். பையன் பாய்ந்து அதைத் தட்டிவிட்டு மெத்தையில் விழ வேண்டும், விழும்போதே எண்ணைக் கத்திச் சொல்ல வேண்டும். எண் தெரியவில்லை என்றால் கண் மூடியிருந்தது என்று அர்த்தம். ஒரு பையன் ஒன்பது நாள் தப்பாகவே சொன்னான். பத்தாம் நாள் "ஏழு!" என்று அவன் கத்தியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

பாயும் திசையில் எந்தச் சலுகையும் கிடையாது. பண்டருக்குக் குறுக்கே, அவர் முன்னால் கடந்து போகிற மாதிரிதான் பாய வேண்டும். என் இரண்டாவது சீசனில் எங்கள் பையன் ஒருவன் நேராக எகிறி, பண்டர் ஊன்றியிருந்த காலில் விழுந்துவிட்டான். 15 யார்டு அபராதம், அவர்களுக்கு ஃபர்ஸ்ட் டவுன், அதாவது மறுபடி நான்கு வாய்ப்பு. அதை விடுங்கள், அந்தப் பண்டர் பிள்ளை தரையில் கிடந்த இரண்டு நிமிடமும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நல்லவேளை, எழுந்து நடந்துவிட்டான். வேகத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் பாதையைச் சொல்லிக் கொடுக்காமல் விட்டது என் தவறு. அன்றிலிருந்து மெத்தையைக் குறுக்காகத்தான் போடுகிறேன்.

உங்கள் மகனுக்கு ஒரு நல்ல மாதிரி வேண்டுமென்றால், 2006 செப்டம்பர் 25 அன்று நியூ ஆர்லியன்ஸில் செயின்ட்ஸ் அணி வீரர் ஸ்டீவ் க்ளீசன் செய்த பிளாக்கைப் போட்டுக் காட்டுங்கள். கத்ரீனா புயலுக்குப் பிறகு தங்கள் சூப்பர்டோம் மைதானத்தில் செயின்ட்ஸ் அணி ஆடிய முதல் ஆட்டம் அது. தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, நடுவிலிருந்து புகுந்து வந்து, உடம்பு முழுக்க நீண்டு, இரண்டு கையாலும் பந்தைத் தடுத்தார். மைதானத்துக்கு வெளியே அதை அப்படியே சிலையாக வைத்திருக்கிறார்கள். என் பையன்களிடம் அந்தக் கைகளை மட்டும் பார்க்கச் சொல்வேன்.

பிளாக் ஆனதும் வேலை முடிந்துவிட்டதாக நினைத்துக் குதிக்கிறார்கள். பந்து இன்னும் உயிரோடு உருண்டுகொண்டிருக்கும். 1972-இல் அலபாமா பல்கலைக்கழக அணிக்கு எதிராக ஆபர்ன் பல்கலைக்கழக அணி 17-16 என்று ஜெயித்ததே இதில்தான். ஆபர்னின் பில் நியூட்டன் இரண்டு பண்ட்டைத் தடுத்தார், இரண்டு தடவையும் டேவிட் லாங்னர் பந்தை எடுத்து ஓடி டச்டவுன் போட்டார். ஆகவே ஒவ்வொரு பிளாக் பயிற்சியிலும் இன்னொருவன் பந்தைப் பொறுக்கிக்கொண்டு ஓடியே தீர வேண்டும். ஒரே ஒரு விதிவிலக்கு: தட்டுப்பட்ட பந்து கோட்டைத் தாண்டி நம் பக்கம் போய்விட்டால் தொடவே கூடாது. அது சாதாரண பண்ட் கணக்குதான். நம் கை பட்டுவிட்டால் அவர்களே எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டில் ஒரு துண்டும், விழுந்தால் வலிக்காத புல்தரையும், ஒரு மெத்தென்ற பந்தும் போதும். நீங்கள் மண்டியிட்டுப் போடுங்கள், அவன் வந்து தட்டட்டும். பந்தில் எண் எழுத மறந்துவிடாதீர்கள்.