கோயில் வாசல் கூட்ட காலேஜ் பசங்க எதுக்கு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாங்க வருஷா வருஷம் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) கேம்ப்னு ஒரு கிராமத்துக்கு ஏழு நாள் போறோம். கோயில் வாசல் கூட்டுறது, ஸ்கூல்ல மரக்கன்னு நடுறது, ஒரு பேரணி, அவ்ளோதான். இந்த தடவ ஊராட்சியோட சேர்ந்து உருப்படியா ஏதாவது செய்யணும்னு பார்க்கிறோம். என்ன பண்ணலாம்?
– பி.எஸ்சி. மாணவி, மன்னார்குடி

பதில்: கூட்டுறதுக்கு ஊராட்சியிலயே தூய்மைக் காவலர்கள் இருக்காங்கம்மா, அவங்க தினமும் பண்ற வேலைய நீங்க ஒரு வாரம் பண்ணி போட்டோ போடுறதுல ஊருக்கு என்ன லாபம்? அந்த ஆபீஸ்ல எது இல்லையோ அத குடுங்க. அங்க இருக்கிறது ஒரே ஒரு செயலர், வீட்டு வரியும் அவர்தான், நூறு நாள் வேலை பேப்பரும் அவர்தான், மீட்டிங்னு பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீசுக்கு ஓடுறதும் அவர்தான், வீடு வீடா போய் கணக்கெடுக்க அவருக்கு ஏது நேரம். உங்க கேம்ப்ல கும்பலா ஆள் இருக்கீங்க, எல்லார் கையிலயும் போன் இருக்கு.

தண்ணியவே எடுத்துக்குங்க. 2019-ல வந்த ஜல் ஜீவன் திட்டத்துல ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர்னு கணக்கு. குழாய் வச்சாச்சு, கனெக்‌ஷன் கணக்குலயும் ஏறியாச்சு, ஆனா கடைசி தெருவுல நிஜமா எவ்ளோ வருதுன்னு பெரும்பாலும் யாரும் அளந்து பார்த்திருக்க மாட்டாங்க. அளக்கிறதுக்கு பெரிய படிப்பெல்லாம் வேணாம், ஒரு 20 லிட்டர் பக்கெட்டும் போன்ல ஸ்டாப்வாட்ச்சும் போதும். பக்கெட் நிரம்ப நாலு நிமிஷம் ஆகுதுன்னு வைங்க, அப்போ நிமிஷத்துக்கு 5 லிட்டர். நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு 220 லிட்டர் வேணும், அதுக்கு 44 நிமிஷம் குழாய் ஓடணும். தண்ணி விடுறதே அரை மணி நேரம்தான்னா 150 லிட்டர்ல நின்னுடும். அதே நேரத்துல டேங்க்குக்கு பக்கத்து தெருவுல ரெண்டு நிமிஷத்துல பக்கெட் நிரம்பினா அங்க 300 லிட்டர். ஒரே டேங்க், ஒரே ஊர், கணக்கு மட்டும் வேற. இத ஒரு நாள் பார்த்துட்டு வந்துடாதீங்க, மூணு நாலு நாள் தண்ணி விடுற நேரத்துலயே போய் பாருங்க, அதுக்கு முன்னாடி டேங்க் ஆப்பரேட்டர்கிட்ட உக்காந்து பேசுங்க, எந்த வால்வ எப்போ திருப்புறாங்கன்னு அவருக்குத்தான் தெரியும். லைன்ல மோட்டார் போட்டு உறிஞ்சுற வீடு கண்ணுல படும், பேர் போட்டு எழுதிடாதீங்க, அன்னிக்கு ராத்திரியே கேம்ப காலி பண்ண வேண்டியிருக்கும்.

எடுத்த கணக்க ஒரு சார்ட்ல தெரு வாரியா பெருசா எழுதி கிராம சபையில வைங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 இதெல்லாம் கிராம சபை நாள், மார்ச் 22 உலக தண்ணீர் தினமும் கூடங்கிறதால இதுக்கு பொருத்தமா இருக்கும். ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க, அந்த ஊர் வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கிறவங்கதான் சபை உறுப்பினர், நீங்க வெளியாளு. அதனால தீர்மானம் கேட்க வேண்டியது கடைசி தெருவுல குடம் வச்சு காத்திருக்கிற அக்காதான், நீங்க பின்னாடி கணக்கோட நில்லுங்க. தலைவர் இல்லாம தனி அலுவலர் பார்க்கிற ஊர்னா மொதல்ல பி.டி.ஓ. ஆபீஸ்ல லெட்டர் குடுத்துட்டு போங்க.

கேள்வி: காலேஜ்ல இருந்து உன்னத் பாரத் திட்டம்னு வர்றாங்க, எங்க ஊர தத்து எடுத்திருக்கோம்ங்கிறாங்க, சர்வே பண்றாங்க, சீல் வாங்கிட்டு போறாங்க. ரிப்போர்ட் மட்டும் எங்களுக்கு வந்ததே இல்ல.
– ஊராட்சி செயலர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: உங்க கடுப்பு நியாயம்தான் சார். 2014-ல ஆரம்பிச்ச திட்டம், டெல்லி ஐ.ஐ.டி. ஒருங்கிணைக்குது, சேர்ற ஒவ்வொரு கல்லூரியும் குறைஞ்சது அஞ்சு கிராமத்த எடுத்துக்கணும்னு சொல்லியிருக்காங்க. அஞ்சுன்னு எண்ணிக்கை வச்சுட்டா சில கல்லூரி அஞ்சு சீல் வாங்குறதோட நிறுத்திக்குது.

அமெரிக்காவுல ஓரிகன் பல்கலைக்கழகம் 2009-ல இருந்து இத வேற மாதிரி பண்றாங்க. வருஷத்துக்கு ஒரு ஊரோட பேசி வைப்பாங்க, மொதல்ல கிரஷம், அடுத்த வருஷம் சேலம். (அந்த ஊர் பேர் நிஜமாவே சேலம்தான்.) எங்களுக்கு இந்த இந்த வேலை ஆகணும்னு நகராட்சி லிஸ்ட் குடுக்கும், அதுக்கு பணமும் குடுக்கும், கட்டடக்கலை, திட்டமிடல், சட்டம்னு பல துறை வகுப்புல பசங்களுக்கு அந்த லிஸ்ட்தான் அந்த வருஷப் பாடம். காசு குடுக்கிறதால கேள்வி கேட்கிற உரிமையும் நகராட்சிக்கு வருது பாருங்க.

உங்களால காசு குடுக்க முடியாது, சரி, லிஸ்ட் குடுக்கலாம்ல? அடுத்த தடவ லெட்டர் கொண்டு வந்தா சீல் போடுறதுக்கு முன்னாடி உங்க வேலைய சொல்லுங்க. எந்த போஸ்ட்ல லைட் எரியல, எந்த சிறுபாலம் அடைச்சிருக்கு, எந்த தெருவுல சாக்கடை எங்க போய் நிக்குதுன்னு மேப்ல குறிச்சுக் குடுக்கச் சொல்லுங்க. ஸ்பைரல் போட்ட இங்கிலீஷ் ரிப்போர்ட் வேணாம், தமிழ்ல நாலு பக்கம் போதும், அத வாங்கிட்டுத்தான் சர்டிபிகேட்ல கையெழுத்துன்னு கறாரா சொல்லிடுங்க. குளத்து ஆக்கிரமிப்ப மட்டும் பசங்கள விட்டு அளக்காதீங்க, அது சர்வேயர் வேலை, பிரச்சனைன்னா அடி வாங்குறது பசங்கதான்.

கேள்வி: இதுக்கெல்லாம் மார்க் உண்டா?
– பி.காம். மாணவர், திருநெல்வேலி

பதில்: யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2020-லயே சமூக ஈடுபாட்டுக்கு ரெண்டு கிரெடிட் பாடம் வைக்கலாம்னு வழிகாட்டி போட்டாச்சு. உங்க காலேஜ் வச்சிருக்கான்னு ஆபீஸ்ல கேளுங்க. என்.எஸ்.எஸ்.னா ரெண்டு வருஷத்துல 240 மணி நேரமும் ஒரு கேம்ப்பும் முடிச்சா சர்டிபிகேட்.

கேள்வி: நான் சிவில் இன்ஜினியரிங் ஃபைனல் இயர். கிராமம்னா சரி, மாநகராட்சியில எங்கள மாதிரி பசங்கள உள்ள விடுவாங்களா?
– மாணவர், திருப்பூர்

பதில்: மாநகராட்சி, நகராட்சிகள்ல பயிற்சி எடுக்க டூலிப்னு ஒரு மத்திய அரசு இன்டர்ன்ஷிப் 2020 ஜூன்ல ஆரம்பிச்சாங்க, அது டிகிரி முடிச்சு ஒன்றரை வருஷத்துக்குள்ள இருக்கிறவங்களுக்கு, அதனால உங்களுக்கு இப்போ செட் ஆகாது, முடிச்சப்புறம் பாருங்க. இப்போதைக்கு ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்தான் உங்க கையில இருக்கு. ‘நகர்ப்புற மேம்பாடு’ன்னு பெரிய தலைப்பு எடுத்துட்டு போனா யாரும் திரும்பிக்கூட பார்க்க மாட்டாங்க. ஒரு வார்டு, அதுல மழை பேஞ்சா தண்ணி நிக்கிற ரெண்டு தெரு, அங்க மழைநீர் வடிகாலோட சரிவு எவ்ளோ, எந்த இடத்துல மண் அடைச்சிருக்குன்னு லெவல் எடுத்து குடுக்கிறேன்னு சொல்லுங்க. எச்.ஓ.டி. (துறைத் தலைவர்) லெட்டரோட கமிஷனர் ஆபீஸ்ல மனு குடுத்துட்டு, அந்த வார்டு ஏ.இ.ய (உதவிப் பொறியாளர) நேர்ல பாருங்க. காலையில அவர் சைட்ல இருப்பாரு, சாயங்காலம் நாலு மணிக்கு மேல போனா ஆபீஸ்ல பிடிக்கலாம்.