ஆங்கியில் தெரிகிற வார்த்தை படிக்கும்போது ஏன் வருவதில்லை?

கேள்வி: முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை என்று கார்டு காட்டி ஞாபகத்தைச் சோதிக்கும் ஆங்கி செயலியில் ஐந்து மாதமாக ஜெர்மன் படிக்கிறேன். யாரோ தயாரித்து வைத்த 4000 வார்த்தை டெக் (கார்டுக் கட்டு), தினம் 20 புது கார்டு. இப்போது ரிவ்யூவுக்கு 600 கார்டு தேங்கிக் கிடக்கிறது. செயலியில் டக்கென்று சொல்லிவிடும் வார்த்தைகூட செய்தி படிக்கும்போது வரமாட்டேன் என்கிறது. வேறு செயலிக்கு மாறட்டுமா?

பதில்: மாற வேண்டாம். மறக்கப்போகிற நேரம் பார்த்து ஒரு வார்த்தையைத் திரும்பக் கேட்பதும், சரியாகச் சொன்னால் அடுத்த முறையை இன்னும் தள்ளிப் போடுவதும்தான் ஆங்கியின் வேலை, அதை அது ஒழுங்காகச் செய்கிறது. நீங்கள் அதற்குள் போடும் கார்டுதான் பிரச்சினை. மறதி எப்படி வேலை செய்கிறது என்று ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே எழுதிவிட்டார், ஆனால் அதற்காக அவர் மனப்பாடம் செய்தது பொருளே இல்லாத அசைகளை. முன்பக்கம் ஒரு வார்த்தை, பின்பக்கம் ஒரு அர்த்தம், நடுவில் வேறு எதுவும் இல்லை என்றால் நீங்களும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்கிறீர்கள்.

உதாரணத்துக்கு எர்ஹால்டன், பெஹால்டன், எண்ட்ஹால்டன். பெறுவது, வைத்துக்கொள்வது, உள்ளடக்கியிருப்பது. மூன்றையும் தனித்தனிக் கார்டாகப் போட்டால் வாலைப் பார்த்துக் குழம்பி ஆறு மாதம் போகும். அதற்குப் பதில் நீங்கள் படித்ததிலிருந்தே ஒரு வாக்கியத்தை எடுங்கள்: "இஷ் ஹாபெ கெஸ்டர்ன் ஐனன் ப்ரீஃப் எர்ஹால்டன்", நேற்று எனக்கு ஒரு கடிதம் வந்தது. கடைசி வார்த்தையை மட்டும் மறைத்து, முன்பக்கத்தில் 'பெறுவது' என்று குறிப்பு கொடுத்து, பின்பக்கம் முழு வாக்கியமும் அதன் ஒலியும் இருக்கும்படி கார்டு செய்யுங்கள். இப்போது கடிதம் அந்த வார்த்தையைக் கூட்டிக்கொண்டு வரும். பெஹால்டனுக்கு 'அந்தப் புத்தகத்தை நீயே வைத்துக்கொள்ளலாம்' என்கிற மாதிரி வாக்கியம் ஒன்று கிடைக்கட்டும், ஆனால் இரண்டையும் ஒரே வாரத்தில் சேர்க்காதீர்கள், ஒட்டிப் பிறந்தவை போல் இருக்கும் வார்த்தைகள் ஒன்றையொன்று அழிக்கும்.

பெயர்ச்சொல் என்றால் பால் காட்டும் முன்சொற்களான டேர், டீ, டாஸ் இல்லாமல் எழுதவே கூடாது. நமக்கு உயிரில்லாத பொருள் எல்லாமே அஃறிணை, ஜெர்மனிலோ கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி நடுப்பால், இதை யோசித்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

அப்புறம் அந்த 600. ஒரு நாளைக்கு 20 புது கார்டு என்பது பார்க்கச் சின்ன எண், ஆனால் ஒவ்வொன்றும் திரும்பத் திரும்ப வரும் என்பதால் கொஞ்ச நாளில் தினசரி ரிவ்யூ அதைப்போல் ஏழெட்டு மடங்காகிவிடும். புது கார்டை இன்றே பூஜ்யமாக்குங்கள். தினம் 100 என்று தேக்கத்தைக் கரையுங்கள், கரைந்த பிறகு ஐந்து புது கார்டு போதும், அதுவும் நீங்களே செய்ததாக இருக்கட்டும். டெக்கில் இன்னும் பார்க்காமல் கிடப்பவற்றை மொத்தமாக சஸ்பெண்ட் செய்துவிடலாம், அதாவது வராமல் நிறுத்தி வைக்கலாம், ஒரு நஷ்டமும் இல்லை. எத்தனை தடவை வந்தாலும் தவறிக்கொண்டே இருக்கும் கார்டை ஆங்கி 'லீச்' என்று குறிக்கும், வழக்கமான அமைப்பில் எட்டு முறை தவறினால் இது நடக்கும், நீங்கள் அப்படி அமைத்திருந்தால் தானாகவே நிறுத்தியும் வைக்கும். பெயருக்கேற்ற அட்டைப்பூச்சிதான் அது, உங்கள் நேரத்தை உறிஞ்சும். அதைத் திரும்பத் திறந்து விடாதீர்கள், அழித்துவிட்டு வேறு வாக்கியத்தில் புதிதாக எழுதுங்கள்.

இன்னொன்று, இதைப் பலர் தப்பாகச் செய்கிறார்கள். விடை வராதபோது மனம் கேட்காமல் 'ஹார்ட்' பொத்தானை அழுத்துவது. 'ஹார்ட்' என்றால் கஷ்டப்பட்டாவது சொல்லிவிட்டேன் என்று அர்த்தம், செயலி அதைத் தேறியதாகவே எடுத்துக்கொண்டு கார்டைத் தள்ளிப் போடும். வரவில்லையா, 'அகெய்ன்' (மறுபடி) அழுத்துங்கள். 2023-ல் ஆங்கிக்குள் வந்த எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புதிய கணக்குமுறை உங்கள் பழைய விடைகளை வைத்துத்தான் இடைவெளியைத் தீர்மானிக்கிறது, நீங்கள் பொய் சொன்னால் அதன் கணக்கும் பொய்யாகிவிடும். அதனால் முதலில் இரண்டு வாரம் பொத்தானை நேர்மையாக அழுத்திப் பழகுங்கள், அதன் பிறகு அமைப்புகளில் எஃப்எஸ்ஆர்எஸ்ஸை இயக்கிக்கொள்ளுங்கள்.