டிராம்போனில் மேல் பி ஃப்ளாட்டைத் தாண்டுவது எப்படி?

கேட்டவர் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் கல்யாண வரவேற்புகளுக்கு வாசிக்கிற ஒரு குழுவில் டிராம்போன் வாசிக்கிறார். மேல் பி ஃப்ளாட் வரை வருகிறது, அதற்கு மேல் எவ்வளவு பலமாக ஊதினாலும் வெறும் காற்றுதான் வருகிறது, பக்கத்தில் நிற்கிற ட்ரம்பெட் நண்பர் அதே ஸ்வரத்தையும் அதற்கு மேலேயும் சிரமமில்லாமல் பிடிக்கிறார், சின்ன மவுத்பீஸ் வாங்கினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறார்.

மவுத்பீஸ் பிறகு வாங்கலாம். முதலில் பலமாக ஊதுவதை நிறுத்துங்கள். பக்கத்து அறையில் குழந்தை தூங்கினால் எவ்வளவு சன்னமாக ஊதுவீர்களோ அவ்வளவு சன்னமாக மேல் ஸ்வரங்களை ஊதப் பழகுங்கள். நானும் டர்பனில்தான் இருக்கிறேன், இதே மாதிரி மேடைகளில் நிறைய வாசித்திருக்கிறேன், சனிக்கிழமைகளில் சில பிள்ளைகளுக்குச் சொல்லியும் தருகிறேன். சன்னமாக வராத மேல் ஸ்வரம் இன்னும் உங்கள் கைக்கு வரவில்லை என்றுதான் அவர்களிடமும் சொல்கிறேன். முட்டி மோதி ஒரு தடவை கிடைத்துவிட்டால் அது வந்துவிட்டது என்று ஆகாது, மேடையில் தேவைப்படும் நேரத்தில் அது திரும்ப வராது. ஏன் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், காரணம் தெரிந்தால் பயிற்சியில் பொறுமை வரும்.

நண்பரோடு ஒப்பிட்டு மனம் தளராதீர்கள். ட்ரம்பெட்டின் குழாய் டிராம்போன் குழாயில் சுமார் பாதி நீளம்தான். உங்கள் மேல் பி ஃப்ளாட், அதாவது 466 ஹெர்ட்ஸ், அவருடைய வாத்தியத்தில் நாலாவது ஹார்மோனிக், அதாவது குழாய் நீளத்தை மாற்றாமல் உதட்டால் மட்டும் எடுக்கிற ஸ்வர வரிசையில் நாலாவது. உங்கள் வாத்தியத்தில் அது எட்டாவது. அவர் தன்னுடைய எட்டாவதுக்குப் போக வேண்டுமானால் 932 ஹெர்ட்ஸுக்குப் போகணும், அதைத்தான் ட்ரம்பெட்காரர்கள் ஹை சி என்கிறார்கள் (காதில் கேட்பது பி ஃப்ளாட், அவர்கள் நோட்டில் எழுதுவது சி), அதற்கு அவர்களும் எத்தனையோ வருஷம் உழைக்கிறார்கள். ஆக உங்கள் மேல் பி ஃப்ளாட் அவருடைய ஹை சிக்குச் சமம், நீங்கள் ஏற்கெனவே நல்ல இடத்தில்தான் நிற்கிறீர்கள்.

இப்போது பி ஃப்ளாட்டை ஸட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள், நம்மவர்களுக்கு இப்படிச் சொன்னால் சட்டென்று பிடிபடும். ஸ்லைடை, அதாவது முன்னும் பின்னும் நகரும் குழாயை, முழுக்க உள்ளே வைத்து, முதல் பொசிஷனில், எட்டாவது ஹார்மோனிக் மேல் ஸ்தாயி ஸ. ஒன்பதாவது ரி, அது சி. பத்தாவது அந்தர காந்தாரம், அது டி. பன்னிரண்டாவது ப, அது எஃப், சுமார் 698 ஹெர்ட்ஸ். நடுவில் வரும் பதினொன்றாவது சுத்த மத்யமத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் நடுவில் விழும், அதை அப்படியே பயன்படுத்த முடியாது. கீழே ஸ்வரங்களுக்கு நடுவே அகலமான இடைவெளி இருந்தது, ஸவுக்கு அடுத்தது ப, பவுக்கு அடுத்தது ஸ. எட்டுக்கு மேலே எல்லாம் நெருக்கமாக வந்துவிடுகிறது. உதடு ஒரு மயிரிழை மாறினால் பக்கத்து ஸ்வரத்தில் போய் விழும். மேலே ஸ்வரம் ‘உடைகிறது’ என்பது பெரும்பாலும் இதுதான்.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. நாம் ஊதும்போது உதட்டிலிருந்து போகிற ஒலியலை பெல் வரை, அதாவது வாத்தியத்தின் விரிந்த வாய் வரை, போய்த் திரும்பி உதட்டுக்கே வருகிறது. அப்படித் திரும்பி வரும் அலைதான் உதட்டை ஒரு ஸ்வரத்தில் பிடித்து நிறுத்துகிறது. தாழ்ந்த ஸ்வரங்களில் பெல் நிறையத் திருப்பி அனுப்பும். ஸ்வரம் உயர உயரத் திருப்பி அனுப்புவது குறைந்து, வெளியே விட்டுவிடுவது கூடுகிறது. டிராம்போனில் இந்த எல்லை சுமார் 700 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வருகிறது, நாம் மேலே சொன்ன எஃப் இருக்கிற இடம். அதற்கு மேல் வாத்தியம் உங்களைப் பிடித்து நிறுத்தாது. உதடும் காதும்தான் ஸ்வரத்தைப் பிடிக்கணும். பி ஃப்ளாட்டிலிருந்தே இந்தப் பிடி தளரத் தொடங்கிவிடும், அதனால்தான் கீழே நம்பி ஊதிய பழக்கத்தோடு மேலே போனால் ஒன்றும் கிடைப்பதில்லை.

இதில் பலமாக ஊதுவது எப்படிக் கெடுக்கிறது? உயர்ந்த ஸ்வரத்துக்கு உதடு சின்னதாக, இறுக்கமாக, வேகமாக அதிர வேண்டும். வாய்க்குள் காற்றின் அழுத்தம் கூட வேண்டும், ஆனால் வெளியே போகிற காற்றின் அளவு குறைவுதான். நிறையக் காற்றைத் தள்ளினால் உதட்டின் நடு இடைவெளி பிளந்துகொள்ளும், அதைச் சமாளிக்க மவுத்பீஸை உதட்டில் அழுத்துவோம், அழுத்தினால் ரத்த ஓட்டம் நின்று உதடு மரத்துப் போகும், அப்புறம் இன்னும் அழுத்துவோம். சன்னமாக ஊதினால் இந்தச் சுழலே தொடங்காது. உதட்டின் இரண்டு ஓரங்களும் வேலை செய்தே ஆகணும், நாக்கு ‘ஆ’விலிருந்து ‘ஈ’ சொல்லும் இடத்துக்குத் தானாக உயரும். அமெரிக்க டிராம்போன் கலைஞர் பில் வாட்ரஸ் வாசித்ததைத் தேடிக் கேளுங்கள். அந்த உயரத்தில் அவ்வளவு மிருதுவாக, பாடுவது போல வாசிக்க முடியும் என்பதைக் காதால் கேட்டு நம்புவதே பாதிப் பயிற்சி.

சரி, என்ன செய்வது? ட்ரம்பெட்காரருக்கு இல்லாத ஒரு சௌகரியம் நமக்கு இருக்கிறது: ஸ்லைடு. உதட்டை மாற்றாமலே ஸ்வரத்தை உயர்த்தலாம். ஸ்லைடை ஒவ்வொரு பொசிஷன் வெளியே தள்ளும்போதும் அரை ஸ்வரம் இறங்கும். ஐந்தாவது பொசிஷனில் எட்டாவது ஹார்மோனிக்கைப் பிடியுங்கள், ஜி ஃப்ளாட் வரும், அது உங்களுக்கு ஏற்கெனவே சுலபம். அதை விடாமல், சத்தத்தைக் கூட்டாமல், ஸ்லைடை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டே வாருங்கள், முதல் பொசிஷனுக்கு வரும்போது அது பி ஃப்ளாட் ஆகியிருக்கும். அடுத்து, மூன்றாவது பொசிஷனில் அதே பி ஃப்ளாட்டை ஒன்பதாவது ஹார்மோனிக்காகப் பிடித்து உள்ளே இழுத்தால் சி. மூன்றாவதில் சியைப் பிடித்து இழுத்தால் டி. பின்னால், ரொம்பப் பின்னால், மூன்றாவதில் ஈ ஃப்ளாட்டைப் பிடித்து இழுத்தால் எஃப். ஒவ்வொரு கட்டத்திலும் உங்களுக்கு ஏற்கெனவே வருகிற ஸ்வரத்தில் நின்றுகொண்டு அடுத்ததைத் தொடுகிறீர்கள், தாவ வேண்டியதில்லை. இழுக்கும்போது இடையில் ஒலி அறுந்தால் அந்த இடத்தில் உதடு எதையோ மாற்றுகிறது என்று அர்த்தம், அங்கேயே நின்று இன்னும் சன்னமாகத் திரும்பச் செய்யுங்கள். நான் இதைத்தான் மற்ற எல்லாப் பயிற்சிகளையும்விட நம்புகிறேன். லிப் ஸ்லர் (நாக்கால் வெட்டாமல் உதட்டால் மட்டும் ஸ்வரம் மாற்றுவது), அமெரிக்க டிராம்போன் ஆசிரியர் எமோரி ரெமிங்டன் பழக்கிவிட்ட நீண்ட ஸ்வரப் பயிற்சிகள் எல்லாம் தினமும் வேண்டியவைதான், அவை நடு ஸ்தாயியை உறுதியாக்கும், நடு ஸ்தாயி தளர்ந்திருந்தால் மேலே கட்ட ஒன்றும் இருக்காது.

அப்புறம் காது. தம்புரா ஆப் ஒன்றை பி ஃப்ளாட்டில் ஓடவிடுங்கள். ஊதுவதற்கு முன் அந்த ஸ்வரத்தைப் பாடுங்கள், குரல் எட்டாவிட்டால் ஒரு ஸ்தாயி கீழே பாடினாலும் போதும். வாத்தியம் பிடித்து நிறுத்தாத இடத்துக்குப் போகிறீர்கள், அங்கே மனதில் ஸ்வரம் தெளிவாக இல்லாவிட்டால் உதட்டுக்கு எங்கே நிற்பது என்று தெரியாது. கோவிலில் நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த காது உங்களுக்கு இருந்தால் இது பெரிய சொத்து, தயவுசெய்து அதைப் பயன்படுத்துங்கள்.

தம்புராவோடு வாசிக்கும்போது ஒன்றைக் கவனிப்பீர்கள். பத்தாவது ஹார்மோனிக்கான அந்த டி தம்புராவில் தானாகக் கேட்கிற அந்தர காந்தாரத்தோடு அப்படியே பொருந்தும், கேட்கவே அவ்வளவு சுகமாக இருக்கும். ஆனால் அதே டியைக் கீபோர்டோடு வாசித்தால் கொஞ்சம் இறங்கிக் கேட்கும், ஏனென்றால் கீபோர்டின் டி அதைவிடச் சுமார் 14 சென்ட் உயரம், அதாவது அரை ஸ்வரத்தில் ஏழில் ஒரு பங்கு. முதல் பொசிஷனில் ஸ்லைடை இதற்கு மேல் உள்ளே இழுக்கவும் முடியாது. அதனால் கல்யாண மேடையில், கீபோர்டு ஓடும்போது, டியை நாலாவது பொசிஷனில் வாசியுங்கள், அங்கே அது பன்னிரண்டாவது ஹார்மோனிக், கீபோர்டோடு சேரும். உதட்டின் வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஓய்வைப் பற்றி இங்கே யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. மேல் ஸ்வரம் கொஞ்ச நேரம் ஊதினால் அதே அளவு நேரம் வாத்தியத்தைக் கீழே வையுங்கள். உதடு களைப்பது வேறு, வலிப்பது வேறு. களைத்தால் ஓய்வு, வலித்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்தம். ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் பல வருஷம் மேல் ஸ்வரங்களை அடித்து வாசித்து 1935இல் உதடு கெட்டு வாசிப்பையே கொஞ்ச காலம் நிறுத்த வேண்டி வந்தது, உதட்டைச் சுற்றியுள்ள தசை கிழியும் காயத்துக்கு மருத்துவர்கள் அவருடைய செல்லப் பெயரான சாட்ச்மோவையே வைத்திருக்கிறார்கள். அழுத்தமே இல்லாமல் வாசிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், அதையும் நம்பாதீர்கள், மேலே போகும்போது கொஞ்சம் அழுத்தம் கூடத்தான் செய்யும். இடது கைப்பிடியை லேசாகத் தளர்த்திப் பாருங்கள், ஸ்வரம் அறுந்துபோகாமல் தொடர்ந்தால் அழுத்தம் சரியான அளவில் இருக்கிறது.

நம்ம ஊருக்கென்று இரண்டு விஷயம். டர்பனின் ஈரக் காற்று உதட்டுக்கு நல்லது, ஆனால் குளிர்காலத்தில் மலைப்பக்கமிருந்து சூடான வறண்ட காற்று அடிக்கும் நாட்களிலும், ஜோகன்னஸ்பர்க் பக்கம் கச்சேரிக்குப் போகும்போதும் உதடு வெடிக்கும், வெடித்த உதட்டோடு மேல் ஸ்வரம் பழகாதீர்கள். இன்னொன்று சாப்பாடு. மேடை ஏறுவதற்கு முன் குடைந்த ரொட்டிக்குள் காரமான கறி வைத்த பன்னி சௌ சாப்பிட்டால் உதடு எரிந்து தடித்துப் போகும், அந்தத் தடிப்போடு சின்ன இடைவெளியைப் பிடிப்பது கஷ்டம். வாசித்து முடித்துச் சாப்பிடுங்கள்.

மவுத்பீஸுக்கு வருகிறேன். ஆழம் குறைந்த, வாய் குறுகிய மவுத்பீஸ் ஒலியைக் கூர்மையாக்கும், களைப்பைக் கொஞ்சம் தள்ளிப்போடும். உங்களுக்கு வராத ஸ்வரத்தை அது வரவைக்காது, நடு ஸ்தாயியின் கனத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடும். வாத்தியத்தின் துளையையும், அதாவது குழாயின் உள் விட்டத்தையும், பாருங்கள். ஆர்க்கெஸ்ட்ராவுக்கான பெரிய துளை டிராம்போன், சுமார் 13.9 மில்லிமீட்டர், உங்களிடம் இருந்தால், கல்யாண இசைக்குழுவுக்குச் சுமார் 12.7 மில்லிமீட்டர் துளை உள்ளது இன்னும் பொருத்தம். ஆனால் ராண்ட் செலவு செய்வதற்கு முன் யாரிடமாவது இரவல் வாங்கி ஊதிப் பாருங்கள்.

எவ்வளவு உயரம் வேண்டும் என்பதையும் யோசியுங்கள். 1928இல் வந்த ராவெலின் பொலேரோ என்ற ஆர்க்கெஸ்ட்ரா படைப்பில் டிராம்போன் தனியாக வாசிக்கும் பகுதி மேல் பி ஃப்ளாட்டில் தொடங்கி டி ஃப்ளாட் வரைதான் போகிறது, அதற்கே உலகம் முழுக்க டிராம்போன்காரர்கள் பயப்படுகிறார்கள், ஏனென்றால் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு ஆறிப்போன உதட்டோடு அதைத் தொடங்க வேண்டும். ஷூமானின் மூன்றாவது சிம்ஃபனியில் முதல் மூன்று பகுதிகளுக்கும் டிராம்போன்கள் வாயே திறப்பதில்லை, நாலாவதில் முதல் டிராம்போன் ஈ ஃப்ளாட் வரை போகிறது, அதுவும் ஆல்ட்டோ டிராம்போனுக்காக எழுதியது. நம் நாட்டு ஜோனாஸ் குவாங்வாவைக் கேளுங்கள். 2021இல் காலமாகும் வரை இந்த நாட்டின் டிராம்போன் என்றாலே அவர்தான். என் காதுக்கு அவருடைய பலம் முழுக்க நடு ஸ்தாயியில், பேசுவது போல வாசிப்பதில்தான் இருக்கிறது. சுத்தமான ஒரு மேல் சி, தேவைப்படும்போதெல்லாம் வருகிற ஒரு டி, இவை இருந்தால் உங்கள் குழுவில் எந்தப் பாட்டும் நிற்காது. அதற்கு மேல் உள்ளதை ஆசைக்காகத் தேடுங்கள், தேடுவது நல்லதுதான்.

கடைசியாக மேடை விஷயம். கல்யாண மண்டபத்தில் டிரம்ஸ், கிடார், கீபோர்டு எல்லாம் ஸ்பீக்கரில் போகும்போது உங்களுக்கு மட்டும் மைக் இல்லை என்றால், என்ன பழகினாலும் அங்கே போய் அடித்துத்தான் ஊதுவீர்கள். பெல்லுக்கு ஒரு மைக், உங்கள் காதுக்கு ஒரு மானிட்டர் கேட்டு வாங்குங்கள், குழுத் தலைவர் முகம் சுளித்தாலும் கேளுங்கள். நிகழ்ச்சிக்கு முந்தின நாள் பி ஃப்ளாட்டுக்கு மேலே தொட வேண்டாம். நிகழ்ச்சி நாளன்று கீழ் ஸ்தாயி நீண்ட ஸ்வரங்களோடு தொடங்கி, ஸ்லைடு இழுப்பை ஒரு தடவை சன்னமாகச் செய்து பாருங்கள், சி வந்தால் அன்று சி வரை வாசியுங்கள், வராவிட்டால் அந்த வரியை ஒரு ஸ்தாயி இறக்கி வாசியுங்கள்.