டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று ரிப்போர்ட் வந்தால் ஊசி போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி கேட்டவருக்கு வயது 38. கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிறது, இன்னும் குழந்தை இல்லை. சில மாதங்களாக ஆசை குறைந்திருக்கிறது, எப்போதும் சோர்வு. ரத்த டெஸ்ட் எடுத்ததில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் 251 என்று வந்திருக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஜிம் மாஸ்டர் சொல்கிறாராம். போடலாமா என்று கேட்டிருக்கிறார்.

வேண்டாம். குழந்தைக்கு முயற்சி செய்துகொண்டிருக்கிறவர் இந்த ஊசியைத் தொடவே கூடாது. நான் டாக்டர் இல்லை, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறவன். ஆனால் இதே ஊசியை ஐந்து மாதம் போட்டுக்கொண்டேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அப்போது எனக்கு 39 வயது. மூத்த பெண்ணுக்கு ஐந்து முடிந்திருந்தது, அடுத்த குழந்தைக்கு முயற்சி செய்துகொண்டிருந்தோம். ஷிப்மென்ட் நேரத்தில் வீடு திரும்பவே பத்தரை ஆகும். படுத்தால் தூக்கம்தான். வேறு எண்ணமே வராது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? ஆண்கள் நலம் என்று போர்டு வைத்திருந்த ஒரு கிளினிக்குக்கு ஒரு சனிக்கிழமை மதியம் சாப்பிட்ட கையோடு போனேன். ரத்தம் எடுத்தார்கள். 236 என்று வந்தது. திங்கட்கிழமை முதல் ஊசி. டெஸ்டோஸ்டிரோன் எனந்தேட், 250 மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இடுப்பில். இன்னும் குழந்தை வேண்டுமா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று தெரியாததால் நானும் சொல்லவில்லை.

உண்மையைச் சொல்ல வேண்டும், மூன்றாவது வாரத்திலிருந்து நன்றாகத்தான் இருந்தது. ஆசை வந்தது, வேலையில் சுறுசுறுப்பு வந்தது. இந்தக் காலத்தில்தான் மனைவியைப் பார்த்துவந்த மகப்பேறு டாக்டர், "அவரையும் ஒரு டெஸ்ட் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்க" என்றார். விந்து மாதிரி கொடுத்துவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் கழித்து லேப் பையன் மறுபடியும் உள்ளே கூப்பிட்டார். "சார், மெஷின்ல சுத்தவிட்டு அடியில தங்கினதையும் பார்த்துட்டேன், ஒண்ணும் இல்ல. எதுக்கும் ஒரு வாரம் கழிச்சு இன்னொரு சாம்பிள் குடுங்க" என்றார். என் முகத்தைப் பார்க்காமலே பேசினார். இரண்டாவது ரிப்போர்ட்டிலும் விந்தணு எண்ணிக்கைக்கு எதிரே பூஜ்ஜியம்தான். என் மனைவி அந்தத் தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்றாள். வழியெல்லாம் வேறு ஒரு வார்த்தை பேசவில்லை.

கோயம்புத்தூரில் ஒரு ஹார்மோன் டாக்டரைப் பார்த்தோம். ஊசியைப் பற்றிச் சொன்னதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு மேல்நிலைத் தொட்டியும் ஒரு மோட்டாரும் வரைந்து காட்டினார். தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்து மோட்டாரைப் போடுவது மூளை. அதன் அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி எல்எச், எஃப்எஸ்எச் என்று இரண்டு ஹார்மோன்களை அனுப்பும். விதைப்பை டெஸ்டோஸ்டிரோனையும் விந்தணுவையும் உண்டாக்குவது அந்த உத்தரவில்தான். வெளியிலிருந்து லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றினால் தொட்டி நிறைந்திருக்கிறது என்று மோட்டார் நின்றுவிடும். நம் உடம்பு ஒரு நாளைக்கு உண்டாக்குவதே சுமார் 5 முதல் 7 மில்லிகிராம்தான். அப்படியிருக்க 250 மில்லிகிராமை ஒரே ஊசியில் ஏற்றினால் என்ன ஆகும்? ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் நிறைய இருக்கும், விதைப்பைக்குள் காய்ந்து போயிருக்கும். விந்தணு உருவாக உள்ளே இருக்க வேண்டிய அளவு ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு.

இது இன்று நேற்று கண்டுபிடித்ததும் இல்லை. இதே எனந்தேட் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை மருந்தாக உலக சுகாதார நிறுவனம் சோதித்து, 1990இல் முடிவுகளை வெளியிட்டிருக்கிறது. வாரம் 200 மில்லிகிராம் போட்டுக்கொண்ட 271 ஆண்களில் 157 பேருக்கு விந்தணு அடியோடு இல்லாமல் போனது. கருத்தடைக்குப் பயன்படுமா என்று ஆராய்ந்த மருந்தைத்தான் குழந்தைக்காகக் காத்திருந்த எனக்குப் போட்டிருக்கிறார்கள். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

சரி, நின்ற மோட்டார் திரும்ப ஓடுமா? பெரும்பாலும் ஓடும், ஆனால் நம் அவசரத்துக்கு ஓடாது. இப்படிப்பட்ட கருத்தடை ஆய்வுகளில் 30ஐ ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தவர்கள் 2006இல் எழுதிய கணக்கு இது: மருந்தை நிறுத்திய ஆறு மாதத்தில் 67 சதவீதம் பேருக்கும், ஒரு வருடத்தில் 90 சதவீதம் பேருக்கும் எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 2 கோடியை எட்டியது. மீதிப் பேருக்கு இரண்டு வருடம் வரை பிடித்தது. அவர்கள் நல்ல ஆரோக்கியத்தோடு ஆய்வுக்கு வந்தவர்கள். ஜிம்மில் வருடக்கணக்கில் பலதும் கலந்து ஏற்றிக்கொள்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும் என்று நம்ப முடியாது.

ஊசியை நிறுத்திய முதல் மூன்று மாதம் மிகவும் கொடுமை. வெளியிலிருந்து வருவதும் இல்லை, உள்ளே ஊறுவதும் இல்லை. காரணமில்லாமல் அழுகை வரும். பெண் ஓடிவந்து மடியில் ஏறினால்கூட எரிச்சலாக இருக்கும். விந்தணு எண்ணிக்கை ஒன்பதாவது மாதம் 40 லட்சம், பதினான்காவது மாதம் 2 கோடியே சொச்சம். சின்னவனுக்கு இப்போது ஒன்றரை வயது.

அப்புறம், எனக்கு உண்மையிலேயே டெஸ்டோஸ்டிரோன் குறைவா? மோட்டார் திரும்ப ஓடியபின் காலை எட்டு மணிக்கு, வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாட்களில் எடுத்தார்கள். 372, 358. குறைவே இல்லை. இந்த ஹார்மோன் விடிகாலையில் ஏறி, சாயங்காலம் இறங்கும். சாப்பிட்டாலும் இறங்கும். 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கவைத்துப் பார்த்த ஓர் ஆய்வில் சராசரியாக 25 சதவீதம் விழுந்திருக்கிறது. நான் ரத்தம் கொடுத்தது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. அந்த 236ஐ நம்பி எதையுமே தொடங்கியிருக்கக் கூடாது. காலையில் எடுத்து, இன்னொரு நாள் திரும்பவும் எடுத்து உறுதி செய்துகொள்ளாமல் சிகிச்சை வேண்டாம் என்றுதான் ஹார்மோன் மருத்துவர்களின் வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன.

என் பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. மூன்று மாதச் சராசரி சர்க்கரை 8.1, இடுப்பு 104 சென்டிமீட்டர், ராத்திரி குறட்டை. சர்க்கரை கட்டுக்குள் வந்து, ஒன்பது கிலோ குறைந்து, ஆறரை மணி நேரமாவது தூங்க ஆரம்பித்ததும் ஆசை தானாகத் திரும்பியது. ஐரோப்பாவில் எட்டு நகரங்களில் 40 முதல் 79 வயது வரையான 3,369 ஆண்களை ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். வயதாவதால் வரும் உண்மையான டெஸ்டோஸ்டிரோன் குறைபாடு என்று சொல்ல, ரத்த அளவு குறைவதோடு மூன்று அறிகுறிகளும் சேர்ந்திருக்க வேண்டும் என்றார்கள்: காலையில் எழும்போது விறைப்பு இல்லாமல் போவது, ஆசை குறைவது, உறவின்போது விறைப்பு இல்லாதது. அந்தக் கணக்கில் தேறியவர்கள் 2.1 சதவீதம்தான். சோர்வு, மறதி, எரிச்சல் எல்லாம் வேறு நூறு காரணங்களால் வருகிறவை.

விறைப்பில் தடுமாற்றம் இருந்தால் அதைத் தனியாகக் கவனியுங்கள். அது பெரும்பாலும் ரத்தக்குழாய் விஷயம். ஆணுறுப்புக்குப் போகிற குழாய்கள் இதயக் குழாய்களைவிடச் சன்னமானவை, அடைப்பு முதலில் அங்கே தெரியும். மாரடைப்புக்குச் சில வருடங்கள் முன்பே வருகிற எச்சரிக்கையாக அது இருக்கலாம். வெட்கப்பட்டு ஊசியிலோ லேகியத்திலோ மறைத்துக்கொண்டால் அந்த எச்சரிக்கை வீணாகப் போய்விடும்.

இந்த மருந்தே மோசம் என்று நான் சொல்லவில்லை. பிட்யூட்டரியில் கட்டி உள்ளவர்கள், பொன்னுக்கு வீங்கியில் விதைப்பை கெட்டுப்போனவர்கள், பிறவியிலேயே குறைபாடு உள்ளவர்கள், இவர்களுக்கெல்லாம் இது வாழ்க்கையைத் திருப்பிக் கொடுக்கிற மருந்து. அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய, அளவு 275க்குக் கீழே இருந்த 790 பேருக்கு ஒரு வருடம் ஜெல்லாகக் கொடுத்துப் பார்த்ததில் ஆசையும் விறைப்பும் ஓரளவு கூடின. ஆனால் நடைத் தெம்பிலும் களைப்பிலும் எதிர்பார்த்த மாற்றம் இல்லை. 2023இல் வந்த பெரிய ஆய்வு, இதய நோயோ அதற்கான ஆபத்தோ உள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தது. மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை, அது நிம்மதி. ஆனால் இதயத் துடிப்புச் சீர்கேடும், நுரையீரலில் ரத்தம் உறைவதும், சிறுநீரகப் பாதிப்பும் மருந்து எடுத்தவர்களிடம் சற்று அதிகம். ரத்தம் கெட்டிப்படுவதும் உண்டு. ஐந்தாவது மாதம் எனக்கு ஹீமோகுளோபின் 17.9 வரை ஏறியிருந்தது. கிளினிக்கில் அதையும் யாரும் பார்த்திருக்கவில்லை.

ஆகவே நீங்கள் ஹார்மோன் டாக்டரைப் பாருங்கள். காலையில் டெஸ்டோஸ்டிரோன் எடுக்கும்போதே எல்எச், எஃப்எஸ்எச், புரோலாக்டின், தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றையும் எடுக்கச் சொல்லுங்கள். விந்தணுப் பரிசோதனையை இப்போதே செய்துகொள்ளுங்கள். நான்கு வருடமாகக் குழந்தை இல்லை என்றால் அதைத் தள்ளிப்போட வேண்டாம். உண்மையிலேயே குறைவு என்று தெரிந்தாலும், விந்தணுவைக் கெடுக்காமல் உடம்பையே சுரக்கவைக்கிற மருந்துகள் இருக்கின்றன. உங்களுக்கு அது பொருந்துமா என்று டாக்டர் சொல்வார். உள்ளே போனதும் முதல் வாக்கியமாக "எங்களுக்குக் குழந்தை வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். முடிந்தால் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

உங்கள் ரிப்போர்ட்டின் மேலே, பெயர், வயதுக்குப் பக்கத்தில் ரத்தம் எடுத்த நேரம் அச்சாகியிருக்கும். அந்த 251 எத்தனை மணிக்கு எடுத்தது என்று பார்த்துக் கீழே எழுதுங்கள்.