பெருகாத வைரஸ்

கேள்வி: தடுப்பூசியிலும் மரபணு சிகிச்சையிலும் வைரஸையே உடலுக்குள் செலுத்துகிறார்களாமே, அது உள்ளே பெருகி நோயைத் தந்துவிடாதா? (கல்லூரி மாணவி ஒருவர்)

பதில்: பெருகாது, அம்மா. மரபணுவைச் சுமந்து செல்லும் வாகனமாக நாங்கள் பயன்படுத்துவது, சளி போன்ற நோய்களைத் தரும் அடினோவைரஸ். அது பெருகுவதற்கு 'இ1' என்ற மரபணுப் பகுதி வேண்டும். அதை நீக்கிவிட்டு, நமக்கு வேண்டிய மரபணுவை வைக்கிறோம். பிறகு எப்படி வளர்க்கிறீர்கள் என்பீர்கள். ஆய்வகத்தில் வளர்க்கும் 'எச்இகே 293' என்ற மனிதச் செல்களில் அந்த இ1 இருக்கிறது. அங்கே மட்டும் அது பெருகும். அபூர்வமாக, வளர்க்கும்போதே இ1 மீண்டும் வைரஸுக்குள் ஒட்டிக்கொள்வதுண்டு. அதைச் சோதிக்காமல் எங்கள் ஆய்வகத்திலிருந்து ஒரு குப்பியைக்கூட நான் வெளியே விடுவதில்லை.

என்னை உறுத்துவது வேறு: நோயெதிர்ப்பு. தடுப்பூசிக்கு அது விழிக்க வேண்டும், சிகிச்சைக்கு அது அடங்கியிருக்க வேண்டும். 1999-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மரபணு சிகிச்சைச் சோதனையில் அடினோவைரஸ் செலுத்தப்பட்ட 18 வயது ஜெஸ்ஸி கெல்சிங்கர் இறந்தது வைரஸ் பெருகியதால் அல்ல. அதை எதிர்த்து அவர் உடலே மூட்டிய கடும் அழற்சியால். என் மாணவர்களுக்கு முதல் பாடம் அந்த இளைஞனின் கதைதான். இன்று சிகிச்சைக்குப் பெரும்பாலும் 'அடினோ-துணை வைரஸ்' என்ற சாதுவான வேறொரு வைரஸையே நாடுகிறோம். அதற்கும் உடல் எதிர்ப்பொருளை உருவாக்கிவிடுவதால், இரண்டாம் முறை இரத்தத்தில் செலுத்துவது இன்னும் பெரும்பாடாகவே இருக்கிறது.