சில்லர் இயந்திரத்தை மாற்றுவதற்கு முன் வால்வைப் பாருங்கள்

வணக்கம் நண்பரே. கிரீன் மார்க் (சிங்கப்பூரின் பசுமைக் கட்டடச் சான்று) வாங்கிய கட்டடம், சில்லர் பிளான்ட் (ஏசிக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரத் தொகுதி) ஒரு டன் குளிர்ச்சிக்குத் தின்னும் மின்சாரம் 0.65 கிலோவாட்டிலிருந்து 0.8-க்கு ஏறிவிட்டது, மேலாளர் புது சில்லர் கேட்கிறார் என்கிறீர்கள். அவசரப்படாதீர்கள்.

நீங்கள் போட்ட லாக் ஷீட்டிலேயே துப்பு இருக்கிறது. போகும் தண்ணீர் 7 டிகிரி, திரும்புவது 10. வித்தியாசம் வெறும் 3, வழக்கமாக 5.5 அளவில் வடிவமைப்பார்கள். தண்ணீர் வெப்பத்தை வாங்காமல் சும்மா ஊர்சுற்றிவிட்டு வருகிறது, அதைத் தள்ளியே பம்புகள் மின்சாரம் தின்கின்றன.

ஏஎச்யூ (குளிர்ந்த தண்ணீரால் காற்றைக் குளிர்வித்து மாடிக்கு அனுப்பும் கருவி) அறைகளுக்கு ஏறிப் பாருங்கள். ஜூரோங்கில் எனக்கு நடந்தது: வாடகைதாரர் "புழுக்கம்" என்று ஃபோன் போட, யாரோ அங்கிருந்த குளிர்நீர் வால்வை மேனுவலில் முழுசாகத் திறந்துவிட்டுப் போய்விட்டார். எட்டு மாதம் அப்படியே. ஆக்சுவேட்டர் (வால்வைத் தானாகத் திறந்து மூடும் மோட்டார்) மேல் தூசி படிந்து கிடந்தது! (2005-ல் கிரீன் மார்க் வந்தபோது, பலகை மாட்டினால் வேலை முடிந்தது என்று நினைத்தவன்தான் நானும்.)

தண்ணீரின் வெப்பநிலையை அளக்கும் சென்சாரையும் சோதியுங்கள். 3 டிகிரி வித்தியாசத்தில் அரை டிகிரி பிழை என்றால் எத்தனை டன் குளிர்ச்சி என்ற கணக்கில் ஆறில் ஒரு பங்கு பொய். 3 ஆண்டுக்கு ஒருமுறை வரும் எரிசக்தித் தணிக்கையில் வெப்பச் சமநிலைக் கணக்கு (உள்ளே வந்த வெப்பமும் வெளியேறியதும் பொருந்துகிறதா என்பது) அங்கேதான் இடிக்கும். பைபாஸ் வால்வு (தண்ணீரை ஏஎச்யூவுக்கு அனுப்பாமல் நேரே திருப்பிவிடுவது), கண்டென்சர் (சில்லரில் வெப்பத்தை வெளியேற்றும் பகுதி) குழாய்ப் படிவு இரண்டையும் அடுத்துப் பாருங்கள்.

ஒவ்வொரு மாடியிலும் வால்வு எத்தனை சதவீதம் திறந்திருக்கிறது என்று குறித்து இங்கே போடுங்கள், பார்க்கலாம்.